மூன்று மணி பதினேழு நிமிடம்

இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்து போக எத்தனை மணி நேரம் என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே விமானம் ஏதாவது ஓடுகிறதா என்று மட்டும் சொல்லாது. கேட்காததை அது ஏன் சொல்ல வேண்டும், பாவம்? அந்தப் பக்கத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை வைத்து எனக்குக் கல்யாணமும் முடித்து வைத்த என் அப்பாவின் மேல்தான் கோபம். அந்த ஒரு தாளால் என் வேலை போக இருந்தது.

அப்பா ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர் பக்கத்திலிருக்கும் பெரிய மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். திருநெல்வேலிக்காரர். ஊரை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சை விடவில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அதே தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர்கள். யார் வீட்டு மாடித் தொட்டியாவது நிரம்பி வழிந்தால், மோட்டாரை அணைக்க ஒருவரும் ஓட மாட்டார்கள். நாலு பேர் கேட் பக்கத்தில் கூடி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வழிகிறது என்று முதலில் ஒரு முடிவுக்கு வருவார்கள். அப்புறம் யார் வீட்டு அம்மாவாவது வந்து சுவிட்சை அணைப்பார்.

எங்கள் வீட்டில் அழிரப்பர் கிடையாது. வாங்க முடியாமல் இல்லை, தடை. தொழிற்சாலையில் வரைபடத்தில் ஓர் எண் தப்பாகப் போய்விட்டால் அதை அழிக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து அதன் மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு. அடியிலிருக்கும் பழைய எண் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண், திருத்தியவரின் சுருக்கொப்பம். அதற்குப் பக்கத்தில், இன்னொருவர் பார்த்துச் சரி என்று போடும் கையெழுத்து. இரண்டு கையெழுத்தும் இல்லாவிட்டால் திருத்தம் செல்லாது. இந்தச் சட்டத்தை அப்பா என் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுக்கும் கொண்டு வந்தார். ரப்பர் படாமல், கோடு கோடாக, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தோடு போன நோட்டைப் பார்த்து, "உங்கள் பெண்ணுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். அப்பா நேரில் போய் அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு டீச்சர் எதுவும் எழுதவில்லை. பயந்திருப்பார்.

என் தப்புகளுக்கெல்லாம் சரிபார்த்தவர் கையெழுத்து அப்பாவுடையது. அப்பாவின் தப்புகளுக்கு? அப்படி ஒன்று நடந்ததே இல்லை. ரயிலுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை படி அரிசி என்பது வரைக்கும் அவர் போட்ட கணக்கு தப்பி நாங்கள் பார்த்ததில்லை. சரிபார்க்கும் தகுதியும் வீட்டில் யாருக்கும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. "ஒங்கப்பாவும் கால்குலேட்டரும் ஒரே ராசி, ரெண்டுக்கும் வாயில மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வராது" என்பாள் அம்மா.

எனக்கு வானிலைத் துறையில் வேலை. ஹைதராபாத்தில் நாலு வருடம் இருந்தபின் லட்சத்தீவில் அகத்திக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அரபிக் கடலில், கொச்சிக்கு மேற்கே உள்ள சின்னத் தீவு. ஓடுபாதைப் பக்கம் நின்றால் இடது கைப் பக்கமும் கடல், வலது கைப் பக்கமும் கடல். மூன்று வருடம் அங்கே இருந்தால் அடுத்த பதவிக்கு வழி. நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் ஹைதராபாத்திலேயே திருமுல்கேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட்டிலேயே இருக்கும் குடும்பம். தமிழிலேயே ஊர் உருது கலந்து பேசுவார்கள்: ஏன் என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. அப்பா இல்லை, அம்மா மட்டும். பையன் சிவிலியன் எஞ்சினியர், கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை. வேலை இருக்குமிடம் அந்தமானில் போர்ட் பிளேயர்.

பெண்ணுக்கும் மத்திய அரசு, பையனுக்கும் மத்திய அரசு. பெண்ணுக்கும் தீவு, பையனுக்கும் தீவு. இப்படி ஒரு பொருத்தம் வாய்க்குமா என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கை கூப்பிய பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். ஒரு தீவு அரபிக் கடலில், ஒரு தீவு வங்காள விரிகுடாவில், நடுவில் முழுசாக ஓர் இந்தியா கிடக்கிறது என்பது யார் கண்ணுக்கும் படவில்லை. பட்டது ஒரே ஒருவருக்கு. அவர்தான் பிற்பாடு என் மாமியார் ஆனார்.

பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேராகவே கேட்டார்.

"ஜாதகம்லாம் சரிதான். பையன் ஒரு மூலை, பொண்ணு ஒரு மூலை. எப்பிடிங்க குடித்தனம் பண்றது? கைக்கு இந்த அவஸ்தை? பொண்ணு வேலைய விட்டுடுமா?"

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வேலைக்கு நான் மூன்று முறை பரீட்சை எழுதியிருக்கிறேன்.

அப்பா சிரித்தார். எழுந்து உள்ளே போய்ப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். முந்தின நாளே அச்செடுத்துத் தயாராக வைத்திருக்கிறார் மனிதர்.

"சம்பந்தியம்மா, நீங்க திருமுல்கேரியில இருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"முக்கா மணி நேரம் ஆச்சு. சிக்னல்லயே பாதி."

"எத்தன கிலோமீட்டர்?"

"பத்து இருக்கும்."

"பத்துக் கிலோமீட்டருக்கு முக்கா மணி. இத பாருங்க. அகத்தி ஏர்போர்ட்டு, போர்ட் பிளேயர் ஏர்போர்ட்டு. ரெண்டாயிரத்து இருநூத்து நாப்பத்தாறு கிலோமீட்டர். மூணு மணி பதினேழு நிமிஷம். காலையில காப்பி குடிச்சிட்டுக் கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம். எதுக்கு வேலைய விடணும்ங்கேன்?"

மாமியார் தாளை வாங்கிப் பார்த்தார். வரைபடத்தில் இரண்டு புள்ளிகள், நடுவில் அழகாக வளைந்த ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்தால் எவருக்கும் நம்பிக்கை வரும்.

"ஹவ், இதென்னவோ பக்கம்தான்" என்றார்.

பையன், அதாவது என் வருங்காலக் கணவர், தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு கேசரியில் முந்திரி தேட ஆரம்பித்தார். போர்ட் பிளேயரில் மூன்று வருடமாக இருக்கிற ஆள் அவர். அந்த விமான நிலையத்தில் எந்த ஊருக்கு விமானம் உண்டு, எதற்கு இல்லை என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? வானிலைத் துறையில் இருந்துகொண்டு, விமானங்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்துக்கொண்டு, நான் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்தெட்டு வருடமாக இருந்த பழக்கம். தவிர, கேசரியில் முந்திரி தேடுகிறவரை எனக்குப் பிடித்துவிட்டது.

கல்யாணம் முடிந்தது. நான் அகத்தியில் போய் வேலையில் சேர்ந்தேன், அவர் போர்ட் பிளேயர் போனார். பிறகுதான் டிக்கெட் தேடினோம். அகத்தியின் ஓடுபாதை குட்டையானது. விசிறி வைத்த சின்ன விமானம்தான் அதில் இறங்கும். அந்தச் சின்ன விமானத்தால் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஒரே மூச்சில் பறக்க முடியாது. பறக்கக்கூடிய பெரிய விமானம் அகத்தியில் இறங்க முடியாது. வரக்கூடியதால் இறங்க முடியாது, இறங்கக்கூடியதால் வர முடியாது. அப்பாவின் மூன்று மணி பதினேழு நிமிடத்தில் பறக்கிற விமானத்தை இன்னும் யாரும் கட்டவே இல்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"ஏட்டி, ஃப்ளைட் டைம் கரெக்ட்டுதான். நான் ரெண்டு தடவ கால்குலேட் பண்ணிப் பாத்தேன். ஃப்ளைட்டு இல்லன்னா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"அப்பா, ஃப்ளைட்டே இல்லாத ஊருக்கு ஃப்ளைட் டைம் எதுக்குப்பா?"

"அது ஆப்பரேஷனல் ப்ராப்ளம். கணக்குல தப்பு இல்ல. நீங்க ரெண்டு பேரும் பிளானிங் சரியாப் பண்ணணும்."

போனைத் தூக்கிக் கடலில் எறியலாம் போலிருந்தது. இரண்டு பக்கமும் கடல்தான், குறி தவற வாய்ப்பில்லை. எறியவில்லை. புதுப் போன்.

என் கணவர் முதல் தடவை என்னைப் பார்க்க வந்தது கல்யாணமாகி மூன்றாம் மாதம். போர்ட் பிளேயரிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கொச்சி, கொச்சியில் ஒரு ராத்திரி, மறுநாள் காலை அகத்தி. அதற்கு முன்னால் தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேறு. கட்டின மனைவியைப் பார்க்க வருவதற்கு, தான் யோக்கியன் என்று காவல் நிலையத்தில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். எடுத்தது ஆறு நாள் விடுப்பு. வந்து போவதிலேயே நாலு நாள் போய்விட்டது. மீதி இரண்டு நாளில் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு தாம்பத்தியம்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தோதான ஊர் ஹைதராபாத் என்று ஆனது. அவருக்குப் போர்ட் பிளேயரிலிருந்து நேர் விமானம் உண்டு, எனக்கு கொச்சி வழியாக. ஆக, தீவிலிருந்து தீவுக்குப் போக வேண்டிய புருஷனும் பெண்டாட்டியும் நாலு மாதத்துக்கு ஒரு முறை திருமுல்கேரியில் மாமியார் வீட்டு நடு அறையில் சந்தித்துக்கொண்டோம். நடு அறைக்கு இரண்டு கதவு. மாமியார் இரண்டு கதவு வழியாகவும் வருவார். ஒரு கதவு வழியாகக் காபியோடு, இன்னொரு கதவு வழியாகக் கேள்வியோடு.

"எத்தனை நாள்ம்மா இப்பிடி? உனக்கு முப்பது ஆகப்போகுது. எனக்கு உன் மேல ஒண்ணும் கோவம் இல்ல. அந்த வேலை நக்கோ. இவன் சம்பளம் போதும்."

என்னோடு ஒரு நாளும் அவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லை. சண்டை போட்டால் திருப்பிச் சண்டை போடலாம். தட்டில் சூடாகத் தோசையைப் போட்டுக்கொண்டே வேலையை விடச் சொல்கிறவரை என்ன செய்வது?

இரண்டாம் வருடம் ஒரு மாலை, பால் வாங்கிக்கொண்டு நானும் என் கணவரும் நடந்து வரும்போது அவர் சட்டென்று சொன்னார்.

"உங்கப்பா அந்தத் தாளை எடுத்தாரே, அப்பவே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பிடி ஃப்ளைட்டே கெடையாதுன்னு."

நான் நின்றுவிட்டேன். "தெரிஞ்சுமா வாய மூடிட்டு இருந்தே?"

"சொல்லிருந்தா எங்கம்மா அங்கேயே எழுந்து போயிருப்பாங்க. நீ கதவுகிட்ட நின்னுட்டிருந்தே. சொல்ல வாய் வரல."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. நடுத் தெருவில் இரண்டுமே முடியாது. பால் பாக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தேன். இரண்டு ஆண்கள். ஒருவர் தெரியாமல் சொன்னார், இன்னொருவர் தெரிந்து சொல்லவில்லை. நடுவில் ராஜினாமா செய்ய வேண்டியது மட்டும் நான். ரொம்ப நியாயம்.

"நீ மாத்தல் கேக்கக் கூடாதா? கொச்சியிலயும் கப்பல் இருக்கே?" என்று வீட்டு வாசலில் கேட்டேன்.

"அம்மாகிட்ட எப்பிடிச் சொல்றது? நான் ஏதோ சுலபமாப் போயிட்டு வர்றேன்னு நெனச்சிட்டு இருக்காங்க. கஷ்டம்னு சொன்னா இன்னும் உன்னத்தான் வேலைய விடச் சொல்லுவாங்க."

அதற்கு அடுத்த முறை நாங்கள் வருவதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மாமியார் கெடு வைத்தார். நானும் அகத்திக்குத் திரும்பியதும் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். நாலே வரி. மூன்று பரீட்சை எழுதி வாங்கியதை விட்டுக்கொடுக்க நாலு வரி போதும் என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. போடுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொன்னேன். சண்டை போடத் தெம்பில்லை, செய்தியாகச் சொன்னேன்.

அப்பா நாலு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"கையெழுத்துப் போடாத. ஒரு மாசம் பொறு" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அவர் என்ன செய்தார் என்பதை அம்மாதான் சொன்னாள். அறுபத்தாறு வயதில் காவல் நிலையத்துக்குப் போய், தன் நன்னடத்தைக்குச் சான்றிதழ் வாங்கினார். என்னைப் பார்க்க வருவதாக விண்ணப்பம் போட்டு அகத்திக்கு அனுமதிச் சீட்டு வாங்கினார். பிறகு ஹைதராபாத்திலிருந்து அகத்திக்கு நேராக வருவார் என்றுதானே யாரும் நினைப்போம்? இல்லை. விமானம் ஏறிப் போர்ட் பிளேயருக்குப் போனார். மாப்பிள்ளையின் குவார்ட்டர்ஸில் ஒரு ராத்திரி தங்கினார். மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு, மாப்பிள்ளை வீட்டு வாசற்படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, என் வீட்டு வாசற்படிக்குப் புறப்பட்டார். வாசற்படியிலிருந்து வாசற்படி வரை அளந்தால்தான் அளவு என்றாராம்.

"எல்லாம் கிறுக்கு. ஒங்கப்பாவ மாப்பிள்ள தடுத்துருக்கலாம்ல?" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை எதைத் தடுத்திருக்கிறார் இதுவரைக்கும்?

சென்னை விமானம் தாமதம். கொச்சியில் இறங்கும்போது சாயங்காலம். அங்கே ஒரு விடுதியில் படுத்துவிட்டு, இரண்டாம் நாள் காலை அகத்தி விமானத்தில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். அன்றைக்குக் காலைப் பணி எனக்கு.

மழைக்காலம் தொடங்குகிற வாரம். காலையில் வெளுப்பாக இருந்த வானம் பத்து மணிக்கு மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் வேலையில் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது முக்கியமான வேலை. அதற்குக் கருவி என்னவோ உண்டு, ஆனாலும் நாங்கள் அடையாளம் வைத்துப் பார்ப்போம். தெற்கே ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அதன் தென்னைகள் தனித்தனியாகத் தெரிந்தால் ஒரு தூரம், மொத்தையாகத் தெரிந்தால் ஒரு தூரம். அன்றைக்குத் தென்னையும் தெரியவில்லை, தீவும் தெரியவில்லை. ஓடுபாதையின் அந்தக் கோடியே கரைந்து போயிருந்தது. மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. அப்பா அங்கேதான் இருந்தார், என் தலைக்கு நேர் மேலே, மேகத்துக்கு அந்தப் பக்கம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அளவு கேட்டார்கள்.

கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா என்று தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. இன்னும் ஒரு நிமிடம் காத்துப் பார்க்கலாமா, அந்தப் பக்கம் ஏதோ பச்சையாகத் தெரிகிற மாதிரி இல்லை? இல்லை. தெரியவில்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். விமானம் இறங்குவதற்குப் போதாத அளவு. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சத்தம் கிழக்கே தேய்ந்துபோனது. பதிவேட்டில் நேரத்தோடு அந்த எண்ணை எழுதி என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் கொச்சியிலிருந்து போன் வந்தது.

"காலையில ரீடிங் எடுத்தது யாரு?"

"நான்தான்ப்பா."

"கூட்டிக் கொறைக்காமச் சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"மேல சுத்தும்போது நானும் ஜன்னல் வழியாப் பாத்தேன். ஒரு மண்ணும் தெரியல. ரீடிங் கரெக்ட்டு" என்றார். "நாளைக்கு வாரேன். நீ சாப்ட்டியா?"

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. தென்னைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. விமானம் இறங்கியது. அப்பா படியிறங்கி வந்தார், சட்டை கசங்கி, மூன்று நாள் தாடியோடு. நான் ஓடிப் போனேன். என்னைக் கட்டிக்கொள்வார், மன்னிப்புக் கேட்பார், நானும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கலாம் என்று வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். "பேசாத, இன்னும் முடியல" என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். என் குவார்ட்டர்ஸ் வாசற்படியில் கால் வைத்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

"அம்பத்து மூணு மணி நேரம்" என்றார். "ஒரு காப்பி போடு."

மன்னிப்பு எதிர்பார்த்த இடத்தில் காபி. அம்மா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டேன். நாலு நாள் இருந்தார். கடலைப் பார்த்தார், என் அலுவலகத்துக் கருவிகளையெல்லாம் பார்த்து அவற்றின் பொருத்து நட்டுகளைக் குறை சொன்னார், ஊருக்குப் போய்விட்டார். தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் நானும் என் கணவரும் விடுப்பில் வந்தோம். மாமியார் வைத்த கெடு. திருமுல்கேரி வீட்டு நடு அறைக்கு என் பெற்றோரையும் அழைத்திருந்தார். நாலு வரிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. போடுவதானால் எல்லார் முன்னிலையிலும் போட்டுத் தொலைக்கலாம் என்று பேனாவும் வைத்திருந்தேன். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்திரி எதுவும் அங்கே இல்லை.

"என்னம்மா முடிவு பண்ணே?" என்றார் மாமியார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "சம்பந்தியம்மா, ஒரு நிமிஷம்" என்றார். பையிலிருந்து அதே பிளாஸ்டிக் உறையை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடியும் கணக்கு விளக்கப் போகிறாரா? அப்பா தாளை வெளியே எடுத்து டீப்பாயின் மேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா. பைக்குள்ளிருந்து ஆறு அங்குல ஸ்கேல். மூன்று மணி பதினேழு நிமிடம் என்று இருந்த இடத்தில் ஸ்கேலை வைத்து, மெதுவாக, ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ஐம்பத்து மூன்று மணி என்று எழுதினார். அதன் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார்.

"நான் போட்ட கணக்கு இது. தப்பு. இத நம்பித்தான் நீங்க சம்மதிச்சீங்க, எம் பொண்ணும் சம்மதிச்சா. நானே போயி அளந்துட்டு வந்துட்டேன். தப்பு என்னோடது, அதுக்கு அவ எதுக்கு வேலைய விடணும்? ஒங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

அம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். கோட்டுக்கு அடியில் இருந்ததையும் படித்தார், பக்கத்தில் இருந்ததையும் படித்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"அம்பத்து மூணு மணி நேரமா? ஏண்டா, இத்தன நேரம் அலைஞ்சிட்டா போய்ப் பாத்துட்டு வந்தே? ஈஸியாப் போயிட்டு வந்தேன்னியே?"

"அதுல ஒரு நாள் மழையால போனது. மழை இல்லாட்டி ஒங்க பையனுக்கு இருபத்தொம்பது மணி நேரத்துல முடியும்" என்றார் அப்பா. அந்த நேரத்திலும் துல்லியம் முக்கியம்.

"ஒரு நிமிஷம் சும்மா இருங்க சம்பந்தி" என்றார் மாமியார். "எங்கிட்ட கைக்குடா பொய் சொன்னே?"

என் கணவர் ஒரு வழியாகத் தலையைத் தூக்கினார். "எதுக்கும்மா சொல்லணும்? சொன்னா நீங்க அவளத்தான் கேப்பீங்க. நான் கொச்சிக்கு மாத்தல் எழுதிக் குடுக்கறேன். கெடைக்கும், கெடைக்காது, எழுதறேன். அவ வேலைய விடக் கூடாது." கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

மாமியார் உடனே கரைந்துவிடவில்லை. "இத ரெண்டு வருஷம் முன்னாடியே ஆளுக்கு ஒரு வாய் தெறந்து சொல்லிருக்கலாம்ல? படிச்ச ஜனங்க" என்று எங்கள் எல்லாரையும் பொதுவாகத் திட்டிவிட்டு எழுந்து உள்ளே போனார். காபிப் பொடி டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

அப்பா இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ பாக்கி இருந்தது. தாளை டீப்பாயின் மேல் என் பக்கமாகத் திருப்பி நகர்த்தினார். சிவப்பு சுருக்கொப்பத்துக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"சரிபாத்தவங்க கையெழுத்து இல்லாமத் திருத்தம் செல்லாது" என்றார். "நீ பாத்துச் சொல்லுட்டி. சரியா இருக்கா?"

நான் பார்த்தேன். ஆறு நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் விரல் விட்டு எண்ணி, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு, இரண்டு தடவை சரிபார்த்தேன். அப்பா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கைப்பையைத் திறந்தேன். நாலு வரிக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த பேனாவை எடுத்து, அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.